தோற்கட்டும் என்று சொல்லாதீர்கள்: நெல்லைச் சீமை விசார்ட்ஸ் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

போன வாரம் நம்ம குரூப்பில் ஒரு ஓட்டெடுப்பு நடந்தது. வரப்போகிற 2025-26 சீசனில், அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் நம் அணியான வாஷிங்டன் விசார்ட்ஸ் எத்தனை ஆட்டம் ஜெயிக்க வேண்டும் என்பது கேள்வி. உங்களில் பெரும்பாலானவர்கள் தேர்ந்தெடுத்த பதில், "பதினைந்துக்கு மேல போகவே கூடாது." அதற்குக் கீழே கைதட்டல் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. இரண்டு பேர் இந்த வருடத்திலிருந்து போன சீசன் சாம்பியனான ஓக்லஹோமா சிட்டி தண்டர் பக்கம் போகிறோம் என்று சொல்லி, முகப்புப் படத்தையும் மாற்றிவிட்டார்கள்.

அங்கேயே பதில் எழுத ஆரம்பித்தேன். நீண்டுகொண்டே போனது. நாகர்கோவிலிலும் தூத்துக்குடியிலும் தென்காசியிலும் நம்மைப் போலவே விடியுமுன் எழுந்து என்பிஏ பார்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதும் ஞாபகம் வந்தது. அதனால் எல்லாரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்த அணி தோற்கும் என்று சொல்லுங்கள், நானும் கூடச் சேர்ந்து சொல்கிறேன். தோற்க வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

உங்கள் பக்கத்து நியாயத்தை முதலில் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். விஷயம் தெரியாமல் அக்கா பேசுகிறாள் என்று யாரும் நினைக்கக் கூடாது.

என்பிஏவில் வருடா வருடம் புதிதாக வருகிற ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும். அதுதான் டிராஃப்ட். பிளே-ஆஃப் என்கிற கோப்பைக்கான சுற்றுக்குப் போகாத 14 அணிகளின் பெயரைக் குலுக்கிப் போட்டு முதல் நான்கு இடங்களை முடிவு செய்வார்கள். மீதி இடங்கள், அதிகம் தோற்றவருக்கு முன்னுரிமை என்ற கணக்குப்படி போகும். குலுக்கலிலும் அதிகம் தோற்ற அணிக்கே வாய்ப்பு அதிகம். முன்பு கடைசி இடத்து அணிக்கு 25 சதவீதம் இருந்தது. வேண்டுமென்றே தோற்கிற பழக்கம் கூடிப்போனதால் 2019 முதல் அதைக் குறைத்து, கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 சதவீதம் என்று ஆக்கினார்கள்.

விசார்ட்ஸுக்கு இந்த வருடம் கூடுதலாக ஒரு முடிச்சு இருக்கிறது. 2020 டிசம்பரில் ஜான் வாலை ஹூஸ்டனுக்குக் கொடுத்து ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கை வாங்கினார்கள். கூடவே எதிர்கால முதல் சுற்று பிக் ஒன்றையும், அதாவது டிராஃப்டில் ஒருவரை எடுக்கிற உரிமையையும், கொடுத்தார்கள். அந்த பிக் ஹூஸ்டனிலிருந்து ஓக்லஹோமாவுக்கும், அங்கிருந்து நியூயார்க் நிக்ஸுக்கும் கை மாறிவிட்டது. 2026 டிராஃப்டில் அது முதல் எட்டு இடங்களுக்குள் விழுந்தால் வாஷிங்டனே வைத்துக்கொள்ளலாம், பழைய கடன் இரண்டு இரண்டாம் சுற்று பிக்குகளோடு தீர்ந்துவிடும். ஒன்பதாவது இடத்துக்குப் போனால் நிக்ஸ் எடுத்துக்கொள்ளும். லீகின் கடைசி நான்கு இடங்களுக்குள் முடிக்கிற அணிக்குக் குலுக்கல் எவ்வளவு மோசமாகப் போனாலும் எட்டாவது இடத்துக்குக் கீழே போகாது. அந்த டிராஃப்டில் வரப்போகிறவர்களோ ஏஜே டிபான்ட்சா, டேரின் பீட்டர்சன், கேமரன் பூசர் என்று எல்லாரும் வாய் ஊறப் பேசுகிற பையன்கள்.

ஆக, பதினைந்து ஜெயித்தால் போதும் என்ற உங்கள் கணக்கில் பிழை இல்லை. அணியின் நிர்வாகமும் இதே கணக்கைப் போட்டிருக்கும். யாரை வாங்கலாம், யாரை விற்கலாம், எந்த ஆட்டக்காரருக்கு எப்போது ஓய்வு என்று அவர்கள் எடுக்கிற ஒவ்வொரு முடிவிலும் அது இருக்கும். அது அவர்கள் சம்பளம் வாங்கிப் பார்க்கிற வேலை. நீங்களும் நானும் ஏன் அந்த வேலையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அலைய வேண்டும்? நாம் ஆட்டம் பார்க்கிறவர்கள். அதைவிட முக்கியம், நம்மில் பலர் ஆடுகிறவர்கள்.

இந்த 2025 ஏப்ரல் 13 ராத்திரியை நினைத்துப் பாருங்கள். மறுநாள் சித்திரை ஒன்று. வீட்டில் கனி காண்பதற்குத் தட்டு எடுத்து வைத்துக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீசனின் கடைசி ஆட்டம், மயாமியில். நம் அணியும் யூட்டாவும் 17 வெற்றி 64 தோல்வி என்று சமமாக நின்றன. கடைசி நொடிகளில் பப் கேரிங்டன் பந்தைப் போட்டு, 119-118 என்று ஒரே பாயின்ட்டில் ஜெயித்துவிட்டோம். பத்தொன்பது வயதுப் பையன். வாஷிங்டனுக்குப் பக்கத்து ஊரான பால்டிமோரில் பிறந்தவன். தன் முதல் சீசனில் 82 ஆட்டங்களில் ஒன்றைக்கூட விடாமல் ஆடி முடித்தவன். அந்த 82 ஆவது ஆட்டத்தை அவனே ஜெயித்துக் கொடுத்தான்.

நம்ம குரூப்பில் அப்போது வந்து விழுந்தது முழுக்க வசவு. "இவன் எதுக்கு இதப் போட்டான்", "ஒரு பிக்கக் கெடுத்துட்டான்". அன்றைக்கு நான் ஒன்றும் எழுதவில்லை. நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று விட்டுவிட்டேன். ஆனால் அது மனசில் தங்கிவிட்டது. ஆட்டம் முடிகிற மணி அடிக்கும்போது பந்தை ரிங்குக்குள் போட வேண்டும் என்று தானே நாம் எல்லாரும் சின்ன வயதிலிருந்து ஆளில்லாத கோர்ட்டில் தனியாக நின்று எண்ணி எண்ணிப் பழகினோம்? மூன்று, இரண்டு, ஒன்று என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு பந்தை எறியாத பிள்ளை இந்த ஊரில் உண்டா? அதை நிஜத்தில் செய்து காட்டியவனை நாம் திட்டினோம்.

அப்புறம் மே மாதம் குலுக்கல் நடந்தது. 17 வெற்றி பெற்ற யூட்டாவுக்கு ஐந்தாவது இடம். 18 வெற்றி பெற்ற நமக்கு ஆறாவது. இருவருக்குமே அதற்குக் கீழே போக வழியில்லை என்கிற இடம் அது. முதல் இடம் யாருக்குப் போனது? 1.8 சதவீத வாய்ப்பு மட்டுமே இருந்த டாலஸுக்கு. எல்லாரும் ஆசைப்பட்ட கூப்பர் ஃபிளாக் அங்கே போய்விட்டான். அறுபத்து நான்கு தோல்விக்குக் கிடைத்த கூலி ஆறாவது இடம்.

இப்போது இந்த மடலை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை காலையில் உங்களில் நாலைந்து பேர் வந்து எங்கள் பள்ளி ஜூனியர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். காசு வாங்குவதில்லை. வெயில் ஏறுகிற வரைக்கும் நிற்கிறீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்வது வேதவாக்கு. நீங்கள் ஷூ லேஸ் கட்டுகிற மாதிரிதான் அவர்களும் கட்டுகிறார்கள். தண்ணீர் குடிக்க ஒதுங்கும்போது நீங்கள் பேசிக்கொள்கிற என்பிஏ பேச்சை ஒரு சொல் விடாமல் கேட்கிறார்கள்.

சமீபத்தில் பள்ளிகளுக்கிடையே நடந்த ஒரு லீக் போட்டிக்கு அவர்களைக் கூட்டிப் போயிருந்தேன். முதல் இரண்டு ஆட்டம் ஜெயித்து, அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றாயிற்று. மூன்றாவது ஆட்டத்தில் ஜெயித்தால் கால் இறுதியில் பலமான அணி வரும், தோற்றால் கொஞ்சம் எளிய அணி. ஆட்டத்துக்கு முன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்து, "மிஸ், இதுல தோத்தா நமக்கு நல்லது தான மிஸ்? அண்ணனுங்க எல்லாம் அப்படித்தான சொல்லுதாங்க, தோத்தாத்தான் மேல வர முடியும்னு" என்றாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அப்படியெல்லாம் இல்லை, போய் நன்றாக ஆடு என்று சொல்லி அனுப்பினேன். இரண்டாம் பாதியில் ரிபவுண்டுக்கு, அதாவது ரிங்கில் பட்டுத் திரும்புகிற பந்துக்கு, ஒருத்தியும் குதிக்கவில்லை. எதிரணிப் பிள்ளை லே-அப் போட ஓடி வந்தால் கையைத் தூக்கி வழி விட்டார்கள். தோற்றோம். கால் இறுதியில் அந்த எளிய அணிதான் வந்தது. முந்தின ஆட்டத்தின் கால்களோடுதான் அதிலும் ஓடினார்கள், அங்கேயும் தோற்றோம்.

உங்கள் மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் இல்லையென்றால் அந்தப் பிள்ளைகளுக்கு இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவே வந்திருக்காது. ஆனால் உங்கள் பேச்சு எங்கே போய்ச் சேருகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். தோற்பதுதான் வழி என்று நீங்கள் எந்த அணியைக் காட்டிச் சொல்கிறீர்களோ, அந்த ஓக்லஹோமாவின் கதையே வேறு மாதிரி இருக்கிறது. 2020-21 இல் அவர்கள் 22 வெற்றி 50 தோல்வி. அடுத்த வருடம் 24 வெற்றி 58 தோல்வி. அதற்கடுத்து 40, பிறகு 57, கடைசியில் போன சீசனில் 68 வெற்றியும் கோப்பையும். உண்மைதான். ஆனால் அந்த அணியின் உயிர், லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர். அவர் அவர்கள் தோற்றுப் பெற்ற பிக்கில் வந்தவர் இல்லை. 2019 இல் பால் ஜார்ஜை கிளிப்பர்ஸ் அணிக்குக் கொடுத்து வாங்கியவர். ஜேலன் வில்லியம்ஸை 2022 இல் பன்னிரண்டாவது இடத்தில் எடுத்தார்கள், அதுவும் அதே பேரத்தில் கிளிப்பர்ஸிடமிருந்து வந்த பிக். செட் ஹோம்கிரன் ஒருவர்தான் தோல்வி கொண்டுவந்த இரண்டாவது பிக். தோற்ற அந்த இரண்டு வருடமும் ஷாய் காயம் இல்லாத நாளெல்லாம் ஜெயிக்கத்தான் ஆடினார்.

டெட்ராய்ட் பிஸ்டன்ஸைப் பாருங்கள். 2023-24 இல் தொடர்ந்து 28 தோல்வி. ஒரே சீசனுக்குள் அத்தனை தொடர் தோல்வி அதுவரை யாரும் கண்டதில்லை. மொத்தம் 14 வெற்றி, 68 தோல்வி. மறு வருடமே 44 வெற்றி, பிளே-ஆஃப். நடுவில் என்ன நடந்தது? புது கோச் ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் வந்தார். டோபியாஸ் ஹாரிஸ், மாலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே ஜூனியர் என்று அனுபவம் உள்ளவர்களைக் கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே இருந்த கேட் கனிங்ஹாமுக்குப் பந்து கொடுத்தால் பாஸ்கெட் ஆக்குகிற ஆட்கள் சுற்றிலும் நின்றார்கள். மாற்றம் அங்கேதான் தொடங்கியது.

எதிர்த்திசை உதாரணமும் உண்டு. ஃபிலடெல்ஃபியா 2013 இலிருந்து மூன்று சீசன் திட்டம் போட்டுத் தோற்றது. 19 வெற்றி, 18 வெற்றி, கடைசியில் 10 வெற்றி 72 தோல்வி. ஜோயல் எம்பீட் என்ற மாபெரும் ஆட்டக்காரர் கிடைத்தார். ஆனால் 2001 க்குப் பிறகு 2025 வரை அந்த அணி கான்ஃபரன்ஸ் இறுதிக்குக்கூட, அதாவது லீகின் அரை இறுதிக்குக்கூட, போகவில்லை.

சரி, நம் அணிக்கு வருவோம். நிலைமை எவ்வளவு மோசம் என்று மூடி மறைக்க எனக்கு ஆசை இல்லை. 2023-24 இல் 15 வெற்றி, 67 தோல்வி. இந்த அணியின் வரலாற்றிலேயே அதுதான் அடிமட்டம். போன சீசனில் 18 வெற்றி, 64 தோல்வி. இரண்டையும் கூட்டினால் 33 வெற்றிக்கு 131 தோல்வி. போன சீசனில் மட்டும் இரண்டு முறை தொடர்ந்து 16 ஆட்டம் தோற்றோம். 50 வெற்றி பெற்ற சீசன் என்று ஒன்றைத் தேடினால் 1978-79 வரை பின்னால் போக வேண்டும். அதற்கு முந்தின வருடம்தான் ஒரே ஒரு முறை சாம்பியன் ஆனார்கள், அப்போது புல்லட்ஸ் என்று பெயர். வெஸ் அன்செல்டும் எல்வின் ஹேஸும் ஆடிய அந்த அணி லீக் சுற்றில் 44 ஆட்டம்தான் ஜெயித்திருந்தது, இறுதியின் ஏழாவது ஆட்டத்தை சியாட்டிலில் போய் ஜெயித்தது. நம் பிள்ளைகள் யாருக்கும் அதெல்லாம் தெரியாது. நம் கூட்டத்தில் முதலில் வேலைக்குப் போன பையன் வர்ஜீனியாவுக்குப் போய், விசார்ட்ஸ் ஜெர்சி வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தான். நாம் ரசிகர்கள் ஆனோம். அவ்வளவுதான் நம் பந்தம். ஒரு அணியோடு பந்தம் வருவதற்கு அது போதும் என்றுதான் நினைக்கிறேன்.

இனி வரும் சீசன். என் கணிப்பு இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில். கடைசி நான்கு இடங்களுக்குள் முடிக்கவே வாய்ப்பு அதிகம். அதாவது நீங்கள் பயப்படுகிற அந்த பிக் பெரும்பாலும் தப்பித்துவிடும். அதற்காக நீங்கள் யாரும் பிரார்த்தனை செய்ய வேண்டியதில்லை. இத்தனை சின்ன வயது அணி, முதல் இரண்டு மூன்று வருடப் பையன்களையே முன்னால் நிறுத்தி 82 ஆட்டம் ஆடினால் தோல்வி தானாக வரும்.

ஆனால் இதே இருபது வெற்றியை இரண்டு விதமாகப் பெறலாம். என் கண் அதன் மேல்தான்.

அலெக்ஸ் சார் என்ற ஏழடிப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள் (சார் என்பது அவன் குடும்பப் பெயர்). பிரான்ஸ்காரன், 2024 டிராஃப்டில் இரண்டாவது. வந்த உடனே, சீசனுக்கு முன்னால் இளம் ஆட்டக்காரர்கள் ஆடுகிற சம்மர் லீகில் ஒரு ஆட்டத்தில் 15 முறை எறிந்து ஒன்றுகூட விழவில்லை. உலகமே சிரித்தது. சீசன் முடியும்போது ஆட்டத்துக்கு சராசரி 13 பாயின்ட், 6.5 ரிபவுண்ட், 1.5 பிளாக் என்று முடித்து, புதுமுகங்களின் முதல் ஐவரில் இடம் பிடித்தான். ஆனாலும் அவன் எறிந்ததில் உள்ளே போனது 39.4 சதவீதம்தான். ஏழடி ஆளுக்கு அது மிகவும் குறைவு. காரணம் ஆட்டத்தைப் பார்த்தால் புரியும். ஸ்கிரீன் போட்டுவிட்டு, அதாவது கூட ஆடுகிறவனுக்காக எதிராளியை மறித்து நின்றுவிட்டு, ரிங்கை நோக்கி ஓடாமல் வெளியே விலகி தூரத்திலிருந்து த்ரீ பாயின்ட்டர் எறிகிறான். உள்ளே போனால் இடிப்பார்கள். அந்த இடியைத் தாங்க உடம்பு இன்னும் தயாராகவில்லை. இந்த வருடம் நான் அவனிடம் பார்க்கப் போவது அதைத்தான்: ஸ்கிரீன் போட்ட பிறகு எத்தனை முறை உள்ளே உருண்டு போகிறான், ஒரு ஆட்டத்தில் எதிராளியின் தவறுக்காகக் கிடைக்கிற ஃப்ரீ த்ரோ எத்தனை சம்பாதிக்கிறான், ரிபவுண்டுக்கு முன்னால் முதுகை வைத்து எதிராளியை அடைத்து நிற்கிறானா.

நம் ஊர் உயரமான பிள்ளைகளுக்கும் இதே வியாதி இருப்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். பாளையங்கோட்டையில் எந்த கோர்ட்டில் வேண்டுமானாலும் போய் நில்லுங்கள். ஆறடியைத் தாண்டிய பையன் வெளியே நின்று த்ரீ எறிந்துகொண்டிருப்பான். ஐந்தரை அடிப் பையன் உள்ளே போய் அடிபட்டுக்கொண்டிருப்பான். அலெக்ஸ் சார் உள்ளே போகக் கற்றுக்கொள்வதைப் பார்த்தால் நம் பையன்களுக்கு நான் வாயால் சொல்வதைவிட நன்றாகப் புரியும். அதற்கு அவன் ஜெயிக்க ஆட வேண்டும். தோற்றால் நல்லது என்கிற ஆட்டத்தில் எவனும் இடி வாங்க உள்ளே போக மாட்டான்.

பிலால் கூலிபாலிக்கு இது மூன்றாவது வருடம். 2023 இல் ஏழாவது பிக், இன்றைய நட்சத்திரம் வெம்பன்யாமாவோடு ஒரே பிரெஞ்சு கிளப்பில் ஆடியவன். எதிரணியின் சிறந்த ஆட்டக்காரனைப் பிடிக்கிற வேலை அவனுடையது. காலை எப்படி நகர்த்துகிறான் என்று மட்டும் பாருங்கள், பந்தைப் பார்க்க வேண்டாம். கைஷான் ஜார்ஜ் சுவிட்சர்லாந்தில் பிறந்து கனடாவுக்கு ஆடுகிறவன், 24 ஆவது பிக்கில் வந்தவன். எல்லா வேலையும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவன். எனக்கு ரொம்பப் பிடித்தவன்.

அந்த ஆறாவது பிக்கில் வந்த டிரே ஜான்சன் சாதாரண ஆள் இல்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டிலேயே ஆட்டத்துக்கு 19.9 பாயின்ட் எடுத்து, எஸ்இசி என்கிற கடினமான கல்லூரிப் பிரிவில் அந்த வருடம் முதலிடம். எறிகிற கை சுத்தமாக இருக்கும். டிஃபென்ஸில் ஆரம்பத்தில் திணறுவான், அது எல்லா இளம் ஷூட்டருக்கும் உள்ளது.

இவர்களுக்கு நடுவில் இரண்டு மூத்தவர்கள். சி.ஜே. மெக்காலம் இந்தக் கோடையில் நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்தார், ஜோர்டான் பூல் அங்கே போனார். கிறிஸ் மிடில்டன் பிப்ரவரியிலேயே மில்வாக்கியிலிருந்து வந்துவிட்டார். 2012 இல் இரண்டாம் சுற்றில் 39 ஆவதாக எடுக்கப்பட்டு, 2021 இல் சாம்பியன் ஆனவர் மிடில்டன். இருவருடைய ஒப்பந்தமும் தலா மூன்று கோடி டாலருக்கு மேல், இரண்டும் 2026 கோடையில் முடிகிறது. அப்போது இந்த அணியின் கையில் செலவழிக்க நிறையப் பணம் இருக்கும். அணிகள் ஆட்டக்காரர்களைக் கை மாற்றிக்கொள்வதற்கான பிப்ரவரி கெடுவுக்கு முன்னால் இவர்களில் ஒருவரையாவது அனுப்பிவிடுவார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதுவரை டிரே ஜான்சன் தினமும் பயிற்சியில் மெக்காலம் கால் வைக்கிற விதத்தைப் பக்கத்தில் நின்று பார்ப்பான். அது எந்த பிக்கிலும் கிடைக்காது.

கோச் பிரையன் கீஃப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பொறுமைசாலி. மேலாளர் வில் டாக்கின்ஸ் ஓக்லஹோமாவில் பல வருடம் வேலை பார்த்தவர், அதனால் நீங்கள் மாறிப் போகிற அணியின் வழிமுறை ஓரளவு நம் வீட்டிலேயே இருக்கிறது.

போன டிசம்பரில் அந்த முதல் 16 தொடர் தோல்வி முடிந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எதிரணி டென்வர். நிக்கோலா யோகிச் மட்டும் 56 பாயின்ட் எடுத்தார், அதுவரை அவர் வாழ்க்கையிலேயே அதிகம். அப்படியும் நாம் ஜெயித்தோம். நம் ஊரில் ஞாயிறு விடியற்காலை. அன்றைக்கு யாரும் பிக் பற்றிப் பேசவில்லை. குரூப்பில் வந்த குரல் பதிவுகளில் பின்னால் உங்கள் அம்மாக்கள் "எதுக்குல இந்நேரத்துல கத்துதே" என்று ஏசுவதும் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் இந்த வருடமும் கேட்க ஆசைப்படுகிறேன்.

கட்சி மாறுகிற இரண்டு பேருக்கும் தனியாக ஒரு வார்த்தை. ஓக்லஹோமாவைப் பாருங்கள், அருமையான ஆட்டம், தப்பே இல்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். நம் மாநிலத்துக்கென்று ஒரு தொழில்முறை அணி இருந்தது. யுபிஏ என்ற இந்தியக் கூடைப்பந்து லீக் 2015 இல் தொடங்கியபோது சென்னை ஸ்லாம் என்ற பெயரை நாம் எவ்வளவு ஆசையாகச் சொன்னோம். 2017 க்குப் பிறகு அந்த லீக் நடக்கவில்லை. அணி ஜெயித்ததா தோற்றதா என்ற கேள்விக்கே இடமில்லாமல் போனது. நமக்கு மிச்சம் இருப்பது மே மாதம் பெரியகுளத்தில் நடக்கிற அகில இந்தியப் போட்டி மாதிரி சில. அங்கே வங்கி அணிகளும் ரயில்வேயும் ராணுவமும் வந்து ஆடுவதைப் பார்க்கிறோம். நம் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்தால் ஒரு வாழ்க்கை என்றால் இன்றைக்கும் அந்த விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைதான். அந்த வேலைக்கான தேர்வில் போய் நிற்கிறவனிடம் போன வருடம் எத்தனை தோற்றாய், அதற்கு ஈடாக உனக்கு என்ன தரலாம் என்று யாரும் கேட்கப் போவதில்லை. இங்கே தோற்ற அணிக்குக் குலுக்கல் கிடையாது. பேருந்துச் செலவைக் கையிலிருந்து போட்டு ஊர் திரும்புவதுதான் உண்டு. அமெரிக்காவில் முப்பது அணிகள் உள்ள லீகில் தோற்றவரைத் தூக்கிவிட ஒரு ஏற்பாடு இருக்கிறது, நல்ல ஏற்பாடு. அந்தப் பேச்சை அப்படியே இங்கே கொண்டுவந்து சிமென்ட் கோர்ட்டில் ஓடுகிற எட்டாம் வகுப்புப் பிள்ளையின் காதில் போட்டால், அவளுக்கு அதனால் ஒரு நன்மையும் கிடையாது.

இதே தமிழ்நாட்டிலிருந்துதான் அனிதா பால்துரை இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, 2021 இல் பத்மஸ்ரீ வாங்கினார். ஆசியாவின் பெரிய அணிகளோடு மோதி எத்தனையோ தோல்வி கண்ட ஒரு இந்திய அணியில் வருடக்கணக்காக நின்று ஆடியவர். என் பிள்ளைகளுக்கு நான் காட்டுகிற படம் அவருடையது.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அந்த ஓட்டெடுப்பை எடுத்துவிடுங்கள், அல்லது கேள்வியை மாற்றி, எத்தனை ஆட்டம் ஜெயிப்பார்கள் என்று நினைக்கிறீர்கள் என்று போடுங்கள். யார் கணக்கு சரியாக வருகிறதோ அவருக்கு ஏப்ரலில் என் செலவில் ஒரு நல்ல பந்து. சனிக்கிழமை கோர்ட்டில் பிக், குலுக்கல் பேச்சு வேண்டாம். அதைக் குரூப்பில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள், எனக்கும் அந்தக் கணக்கெல்லாம் பிடிக்கும். சனிக்கிழமை அலெக்ஸ் சார் உள்ளே உருண்டு போன ஒரு காட்சியை போனில் காட்டி, அதையே பிள்ளைகளைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். கேரிங்டன் மயாமியில் போட்ட அந்தப் பந்தையும் காட்டுங்கள். அவனைத் திட்டியவர்களே காட்டினால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

முதல் ஆட்டம் மில்வாக்கியில். நமக்கு அக்டோபர் 23, வியாழன், காலை ஐந்தரை. தீபாவளி முடிந்து மூன்றாம் நாள், பள்ளிக்கூடம் உண்டு, அதனால் நான் முதல் பாதிதான் பார்ப்பேன். இரண்டாம் பாதியில் என்ன நடந்தது என்று யாராவது எழுதிப் போடுங்கள். அலெக்ஸ் சாரின் ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா,
பாளையங்கோட்டை